எதிர்க்கட்சி வீட்டுக் கோடை

அவளுக்கு எதிர்க்கட்சி என்று பெயர் வைத்தது அவள் கணவன்தான். கல்யாணமான முதல் வாரத்திலேயே வைத்துவிட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். மேலே போ என்றால் மேலே போகிற, கீழே வா என்றால் கீழே வருகிற சாமான்களோடு பழகியவன். அவளோ, நாலு பேர் சரி என்று தலையாட்டுகிற இடத்தில் "அதெப்படி?" என்று ஒற்றைக் காலில் நிற்கிறவள். பெயர் கச்சிதமாகப் பொருந்தி, சபை வரைக்கும் பரவி, போதகரே ஒன்றிரண்டு தரம் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். அவள் அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை. எதிர்க்கட்சி இல்லாமல் எந்த இடமாவது உருப்பட்டதுண்டா என்று கேட்பாள்.

தொழில் தையல். அதிலும் பள்ளிச் சீருடை. நாலு மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி வீடு. முன்னறையில் இரண்டு மெஷின், மூலையில் ஓரம் அடிக்கிற ஓவர்லாக், சுவரை ஒட்டித் துணி வெட்டுகிற மேசை, மேசைக்கு அடியில் பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அந்த மேசை பிள்ளைகளுக்கு, அதற்குப் பிறகு துணிக்கு. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடம் போக உடுப்புத் தைத்துக் கொடுக்கிறவள், தன் பெண்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறாள் என்றால் சும்மா விடுவார்களா? அளவு எடுக்கிற நேரத்தில் அவள் உதட்டிடுக்கில் குண்டூசி இருப்பதைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சையே எடுப்பார்கள்.

"நீங்க பத்தாவதுதானே படிச்சிருக்கீங்க?"

அவள் நிதானமாகக் குண்டூசியை எடுத்துத் துணியில் குத்திவிட்டு, "ஆமாம். அதனாலதான் மறுபடி ஒண்ணாவதுல இருந்து படிச்சிட்டு வர்றேன்" என்பாள்.

உண்மையும் அதுதான். மறுநாள் பாடத்தை முந்தின நாளே தான் படித்துவிடுவாள். புரியாததைக் கணவனிடம் கேட்பாள். அவனும் திருதிரு என்று விழித்தால், சபைக்கு வருகிற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே மடக்கிவிடுவாள். அந்த மனுஷன் அவளைக் கண்டால் பின்வாசல் வழியாகப் போகப் பார்ப்பார். பெரியவள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, "கேள்வி கேட்டா மிஸ்ஸுக்குப் பிடிக்காதும்மா" என்று சொன்னாள். கேள்வி கேட்காத பிள்ளையை வைத்துக்கொண்டு எதிர்க்கட்சி என்ன செய்வாள்? மூன்று வாரம் ஜெபித்தாள், மூன்று நாள் கணவனோடு வாதாடினாள், நாலாம் நாள் பள்ளிக்குப் போய் மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டாள். அதற்கு ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இப்போது பெரியவளுக்குப் பன்னிரண்டு, சின்னவளுக்கு எட்டு.

அந்த ஊரில் வீட்டில் படிக்கவைப்பது குற்றமில்லை. ஆனால் கல்வி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு வருஷமும் கோடை விடுமுறை முடிகிற வாரத்தில் ஓர் அலுவலர் வீட்டுக்கு வந்து, நோட்டுகளைப் புரட்டி, பிள்ளைகளிடம் பேசிப் பார்த்து, பதிவை இன்னும் ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுப்பார். புதுப்பிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தாக வேண்டும். இந்த ஒரு வாரம் மட்டும் எதிர்க்கட்சிக்கும் பயம்தான். வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாள்.

சபையில் இவளைப் போல வீட்டில் படிக்கவைக்கிற குடும்பங்கள் ஏழு இருந்தன. வெள்ளிக்கிழமை தோறும் சபைக் கட்டடத்தின் பின்கூடத்தில் கூடுவார்கள். பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாட, தாய்மார்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் வட்டமாக உட்கார்ந்து பாடத்திட்டம் பேசுவார்கள். குழுவை நடத்துகிறவர் ஒரு பல் மருத்துவரின் மனைவி. பட்டியலக்கா என்று சொன்னால்தான் எல்லாருக்கும் தெரியும். அவர் கைக்கு லேமினேஷன் மெஷின் வந்த நாளிலிருந்து அந்தக் குழுவில் எந்தக் காகிதமும் காகிதமாக இருந்ததில்லை. நல்ல மனுஷி, அதில் சந்தேகமே வேண்டாம். எதிர்க்கட்சி காய்ச்சலில் படுத்தபோது ஒரு வாரம் வேளை தவறாமல் சாப்பாடு வந்தது. எந்த வேளைக்கு யார் வீட்டுச் சாப்பாடு என்கிற பட்டியலும், பளபளவென்று லேமினேட் செய்து, கூடவே வந்தது.

கோடை வந்தால் பட்டியலக்காவைக் கையில் பிடிக்க முடியாது. 'கோடையில் செய்ய அறுபத்திரண்டு யோசனைகள்' என்று ஓர் அட்டை எல்லாக் குடும்பத்துக்கும் போகும். இலைகளைச் சேர்த்துப் புத்தகத்தில் ஒட்டுவது, ரொட்டி சுடுவது, களிமண்ணில் விளக்குச் செய்வது, ஜன்னலோரம் உட்கார்ந்து பறவை எண்ணுவது, பழைய காலுறையில் பொம்மை செய்து நாடகம் போடுவது, தூரத்து உறவுக்குக் கையால் கடிதம் எழுதுவது, வாரம் ஒரு வசனம் மனப்பாடம். இதில் எதற்கும் எதிர்க்கட்சி எதிரியில்லை. காலுறைப் பொம்மைகளுக்கெல்லாம் பட்டன் கண் வைத்துத் தைத்துக் கொடுத்ததே அவள்தான். அவளுக்கு ஆகாதது நாற்பதாவது யோசனை ஒன்றுதான். நற்செயல் அட்டை.

அட்டையில் பத்துக் கட்டங்கள். பிள்ளை யாருக்காவது ஓர் உதவி செய்ய வேண்டும். உதவி பெற்றவர் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை அதைக் காட்டினால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு தங்க நட்சத்திரம். போன கோடையில் பெரியவள் ஒன்பது கையெழுத்து வாங்கியிருந்தாள். பத்தாவதுக்கு அலைந்துகொண்டிருந்த நாளில் கட்டடத்து லிஃப்ட் நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் குடியிருக்கிற கட்டடம் என்றால் அப்படித்தான் இருக்கும். நாலாம் மாடியில் இருக்கிற, கை நடுங்குகிற பெரியவர் படியேறி வந்து, மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கி, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியவள் உள்ளே ஓடித் தண்ணீர் எடுத்து வந்தாள். எதிர்க்கட்சி பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பெரியவர் கையை நீட்டினார். பெண் டம்ளரைக் கொடுக்கவில்லை.

"முதல்ல இதுல கையெழுத்து போட்டுடுங்க தாத்தா" என்று மற்றக் கையால் அட்டையை நீட்டினாள்.

அவர் போட்டார். கை நடுங்கி, கையெழுத்து மூன்று கட்டங்களுக்கு மேல் ஓடியது. பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை பெரியவளுக்குத்தான் முதல் பரிசு. எல்லாரும் கைதட்டினார்கள். எதிர்க்கட்சிக்கு அவமானமாக இருந்தது. மகளை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. நட்சத்திரத்துக்கு நாக்கைத் தொங்கப்போடப் பழக்கியது நாம், இதில் பிள்ளையைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள். ஆனால் அந்த டம்ளரும் அட்டையும் ஒரு வருஷம் அவள் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தன.

இந்தக் கோடைக்கு, பட்டியலக்கா ஒரு படிவமும் கொடுத்தார். செயல்பாடு, தேதி, வசனம், ஆதாரம் என்று நாலு பத்தி. எதிர்க்கட்சி ஒரே ஒரு வரி எழுதினாள். செயல்பாடு: யாருக்கும் தெரியாமல் நன்மை செய்வது. தேதி: கோடை முழுக்க. ஆதாரம்: இல்லை.

"சிஸ்டர், ஆதாரம்ங்கிற இடத்துல இல்லைன்னு எழுதியிருக்கீங்க" என்றார் பட்டியலக்கா.

"இல்லைன்னா இல்லைன்னுதானே எழுத முடியும், சிஸ்டர்?"

"ஒரே ஒரு போட்டோவாவது வைக்கலாமே. பின்னால பிள்ளைங்களுக்கே ஞாபகமா இருக்கும்."

"போட்டோ எடுத்தா அப்புறம் அது என்ன ரகசியம்? வசனத்தையும் நான் எழுதலை. எந்த இடம்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும்தான். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்கிற அந்தப் பகுதியைப் பட்டியலக்காவே பெரிய எழுத்தில் அடித்து, லேமினேட் செய்து, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார். அவர் சுவரைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், கோப்பில் வைத்துக்கொண்டார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எதிர்க்கட்சிக்குக் கொள்கை இருந்தது வாஸ்தவம். அதோடு, கோடைதான் சீருடைக்காரிக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிற காலம். பள்ளி திறப்பதற்குள் நூற்றெண்பது பாவாடைக்கு மடிப்பு வைத்தாக வேண்டும். அறுபத்திரண்டு யோசனைக்கும் பசை வேண்டும், மாவு வேண்டும், களிமண் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே பக்கத்தில் ஓர் அம்மா வேண்டும். அவளுடைய யோசனைக்கு ஒன்றுமே வேண்டாம். கொள்கை பாதி, கை ஒழியாதது பாதி. இதைக் கணவன் சுட்டிக்காட்டியபோது, "பாதியும் பாதியும் சேர்ந்தா முழுசுதானே?" என்றுவிட்டு மெஷினை மிதித்தாள்.

பெண்கள் இருவரையும் வெட்டு மேசையின் எதிரே உட்காரவைத்துச் சட்டம் சொன்னாள். கட்டடத்துக்குள்ளேயும் வெளி வாசல் வரைக்கும்தான் எல்லை. யார் வீட்டுக்குள்ளும் போகக் கூடாது. செய்ததை யாரிடமும் சொல்லக் கூடாது. அக்காவுக்குத் தங்கை சொல்லக் கூடாது, தங்கைக்கு அக்கா சொல்லக் கூடாது, இரண்டு பேரும் சேர்ந்து செய்ததை என்னிடம் சொல்லக் கூடாது. செய்கிறபோது யாராவது பார்த்துவிட்டால் அது சேர்த்தி இல்லை, வேறு செய்ய வேண்டும்.

"யாராவது பெரியவங்க உன்கிட்டச் சொல்லாம ரகசியமா வெச்சுக்கச் சொன்னா?" என்று சின்னவள் கேட்டாள்.

"அதை மட்டும் அடுத்த நிமிஷமே ஓடி வந்து எங்கிட்டச் சொல்லணும். இது நீங்களா வெச்சுக்கிற ரகசியம். அது வேற."

"நட்சத்திரம்?" என்றாள் பெரியவள்.

"கிடையாது."

பெரியவளின் முகம் தொங்கிப்போயிற்று. முதல் வாரம் அவள் ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை. ஜன்னல் ஓரத்தில் உம்மென்று உட்கார்ந்து பறவை எண்ணினாள். இரண்டாம் வாரம் இரண்டு பேரும் காணாமல் போக ஆரம்பித்தார்கள். பாடம் முடிந்ததும் பூனை நடை நடந்து வெளியே போவார்கள், ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு திரும்பி வருவார்கள். சின்னவளின் கவுனில் ஈரம் இருக்கும். பெரியவளின் விரலில் கிரீஸ் இருக்கும். எதிர்க்கட்சிக்கு நாக்கு நுனி வரை கேள்வி வரும். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு பாவாடையை எடுப்பாள். கேள்வி கேட்டே வளர்ந்தவளுக்குக் கேட்காமல் இருப்பது எத்தனை பெரிய தண்டனை என்று அந்தக் கோடையில்தான் அவளுக்குத் தெரிந்தது.

கட்டடத்தில் சங்கதிகள் நடக்கத் தொடங்கின. இரண்டாம் மாடி நர்ஸம்மாவின் கால்மிதி காணாமல் போய், மறுநாள் தோய்த்து உலர்ந்து அதே இடத்தில் கிடந்தது. ஏழு வருஷமாகக் கிறீச்சிட்ட வெளி வாசல் கதவு ஒருநாள் காலை சத்தமே போடாமல் திறந்தது. தள்ளிப் பழகியவர்களெல்லாம் வேகத்தில் முன்னால் போய் விழப் பார்த்தார்கள். தபால் பெட்டிகளில் அழிந்துபோயிருந்த வீட்டு எண்கள் புதிதாக எழுதப்பட்டிருந்தன. மூன்றாம் எண்ணும் எட்டாம் எண்ணும் கொஞ்சம் கோணல்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? கட்டடச் சங்கச் செயலாளருக்குச் சந்தோஷப்படத் தெரியாது. தரைமாடி வீட்டுக்காரர். முப்பது வருஷம் கிடங்குக் காவல் பிரிவில் வேலை பார்த்தவர். காரணம் தெரியாமல் நடக்கிற எதுவும் அவருக்குத் திருட்டுதான். "இன்னைக்குக் கால்மிதியை எடுத்துத் தோய்ச்சு வெக்கிறவன் நாளைக்குக் கதவைத் திறந்து டிவியைத் தூக்கிட்டுப் போவான்" என்று அறிவிப்புப் பலகையில் எச்சரிக்கை ஒட்டினார்.

அப்புறம்தான் தொட்டி உடைந்தது. செயலாளர் வெயிலுக்காக இரண்டாம் மாடிப் படித் திருப்பத்தில் வைத்திருந்த ரோஜாத் தொட்டி ஒரு மத்தியானம் கவிழ்ந்து நாலு துண்டாகக் கிடந்தது. மனுஷன் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார். நேரே மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார்.

"பள்ளிக்கூடம் போகாத பிள்ளைங்க இந்தக் கட்டடத்துல ரெண்டுதாம்மா இருக்கு. அதுங்கதான் நாள் பூரா படியில சுத்துதுங்க."

எதிர்க்கட்சி பெண்களைக் கூப்பிட்டு அவர் முன்னாலேயே கேட்டாள். "தொட்டியை உடைச்சீங்களா? தப்பு செஞ்சிருந்தா சொல்லியே ஆகணும். நல்லதைத்தான் சொல்லக் கூடாது."

"உடைக்கலைம்மா" என்றார்கள் இரண்டு பேரும்.

"உடைக்கலையாம்" என்றாள் அவரிடம்.

"அப்போ அந்தக் கால்மிதி? கதவு?"

"அதை நான் கேக்கலை. கேக்கவும் மாட்டேன்."

அவர் தடதடவென்று படியிறங்கினார். மறுநாள் காலை, உடைந்த தொட்டியிலிருந்த செடி, அடியில் ஆணியால் ஓட்டை போட்ட ஒரு பழைய பெயின்ட் வாளியில், தண்ணீர் ஊற்றப்பட்டு, அதே இடத்தில் நின்றது. செயலாளருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. "பார்த்தீங்களா, குற்ற உணர்ச்சி!" என்று வீடு வீடாகச் சொன்னார். அந்த வாரமே கல்வி அலுவலகத்துக்கு ஒரு புகாரும் எழுதிப் போட்டார். மேற்படிக் குடும்பத்துப் பிள்ளைகள் கேட்பாரற்றுத் திரிகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பெற்ற தாய்க்கே தெரியாது, விசாரிக்கவும்.

அந்தப் புகாரின் நகல் ஒன்று கல்வி அலுவலகத்திலிருந்து தபாலில் வந்தது. அலுவலர் வருகிற தேதியும் அதிலேயே இருந்தது. இந்தத் தடவை கோடைக்காலச் செயல்பாடுகள் தனியாகப் பரிசீலிக்கப்படும் என்று கடைசி வரி சொன்னது. எதிர்க்கட்சி அதை மூன்று தரம் படித்துவிட்டு மடித்து ஊசிப் பெட்டியில் வைத்தாள். அன்று அவள் தைத்த ஆறு பாவாடைகளில் இரண்டுக்கு மடிப்பு எதிர்ப்பக்கம் விழுந்தது.

அலுவலர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பட்டியலக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். கையில் ஒரு கோப்பு. உள்ளே படங்களோடு ஒரு கோடை முழுதும் அழகாக இருந்தது. இலை ஒட்டுகிற சின்னவள், மாவு பிசைகிற பெரியவள், காலுறைப் பொம்மையோடு இரண்டு பேரும்.

"இதெல்லாம் போன வருஷத்துப் படமாச்சே, சிஸ்டர்?"

"படத்துல வருஷமா எழுதியிருக்கு? உங்களுக்காகத்தான் ராத்திரியெல்லாம் உக்காந்து செஞ்சேன். நீங்க மாட்டிக்கிட்டா அடுத்து எங்க ஆறு வீட்டுக்கும் கிடுக்கிப்பிடி போடுவாங்க. கொஞ்சம் விட்டுக் குடுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு இருந்தது. எதிர்க்கட்சிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. கோப்பை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கிறேன். பொய்யைக் காட்டிப் பிள்ளைங்களுக்கு நல்லது சொல்லித் தந்தேன்னு என்னால சொல்ல முடியாது, சிஸ்டர்."

கணவன் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான். "நாலு வரி எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுபோகும். நீச்சல், படம் வரையறது, ஏதாவது."

"நீச்சலா? நம்ம பாத்ரூம் வாளியிலயா?"

"இல்ல... பள்ளிக்கூடத்துல போட்டுட்டா என்ன செய்வே?"

அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். அதைத்தான் அவளும் நாள் பூரா நினைத்துக்கொண்டிருந்தாள். தான் தைத்த பாவாடையையே தன் பெண்கள் மாட்டிக்கொண்டு, கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருப்பது போல நினைத்துப் பார்த்தாள். பயமாக இருந்தது. "எதிர்க்கட்சி வாயடைச்சுப் போச்சே" என்று அவன் சிரிக்கப் பார்த்தான், அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் பத்தரைக்கு அலுவலர் வந்தார். போன வருஷமும் வந்த, கண்ணாடி போட்ட, நடுவயது தாண்டாத அதே அம்மா. தோளில் பை, கையில் டேப்லெட். லிஃப்ட் வேலை செய்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லாமல் வேர்த்திருந்தார். வெட்டு மேசையில் நோட்டுகள் தயாராக இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரியவளின் கணக்கு நோட்டில் பாவாடை மடிப்புக்குத் துணி எத்தனை வேண்டும் என்கிற கணக்குகள் பக்கம் பக்கமாக இருந்தன. இடுப்பளவு கொடுத்து, மடிப்பின் அகலம் கொடுத்து, அந்த இடத்திலேயே ஒரு கணக்குப் போடச் சொன்னார். பெண் அளவு நாடாவைத் தொடாமல் போட்டாள். சின்னவளை வாசிக்கச் சொன்னார். அவள் ஒரு பக்கம் கேட்டால் மூன்று பக்கம் வாசித்தாள். அலுவலர் முகம் மலர்ந்தது. டேப்லெட்டில் விரல் வேகமாக நகர்ந்தது. பிறகு நின்றது.

"கோடைக்காலச் செயல்பாடுகள். குறைஞ்சது அஞ்சு. சொல்லுங்க மேடம்."

"பிள்ளைங்க யாருக்கும் தெரியாம நன்மை செஞ்சாங்க."

"சரி, நல்ல விஷயம். என்னென்ன?"

"எனக்குத் தெரியாதுங்க."

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், புகார்ல எழுதியிருக்கிறதும் அதேதான். பெத்தவங்களுக்கே தெரியாதுன்னு. நீங்களே அதை எங்கிட்ட ஒத்துக்கிறீங்க."

"எங்கே இருக்காங்கன்னு தெரியும். யாரோட இருக்காங்கன்னு தெரியும். என்ன நன்மை செஞ்சாங்கன்னு மட்டும்தான் தெரியாது. சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நான்தான்."

சின்னவள் இடையில் புகுந்தாள். "சொன்னா சேர்த்தி இல்லை, ஆன்ட்டி."

அலுவலருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். "இந்தக் கட்டத்தை நிரப்பலைன்னா அடுத்த பக்கமே திறக்காது. நான் நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏதாவது அஞ்சு சொல்லுங்க. படம் வரைஞ்சாங்க, செடி வளர்த்தாங்க. நான் தோண்டித் துருவிக் கேக்க மாட்டேன்" என்றார்.

நேற்றுப் பட்டியலக்கா, அப்புறம் கணவன், இன்று அரசாங்கமே. பொய் சொல்லச் சொல்லி இத்தனை நல்ல மனுஷர்கள் இத்தனை அன்பாக வரிசையில் நிற்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "வேண்டாங்க" என்றாள்.

அலுவலர் பெரியவள் பக்கம் திரும்பினார். "நீ பெரிய பொண்ணு. உனக்குப் புரியும். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் விசாரிச்சு உறுதிப்படுத்திக்கிறேன். ஒரு வருஷத்துக்கு உங்க அம்மாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாம முடிச்சுத் தர்றேன்."

பெரியவளின் கண் நிரம்பிவிட்டது. வாய் திறந்தது. சொல்லட்டுமே, ஒரே ஒரு வார்த்தைதானே, தொலையட்டும் என்று எதிர்க்கட்சி ஒரு கணம் நினைத்தாள். இந்தக் கதையும் பொய் சொல்லக் கூடாது, ஆதலால் அந்தக் கணம் அவளுக்கும் வந்தது என்றே எழுத வேண்டியிருக்கிறது.

"உனக்குச் சொல்லணும்னு தோணுனா தாராளமா சொல்லு" என்றாள் மகளிடம். "எனக்காகச் சொல்லாதே. அம்மாவைக் காப்பாத்துறதுக்குன்னு ஒண்ணும் சொல்லாதே."

பெண் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அலுவலரைப் பார்த்தாள். "சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. மன்னிச்சுக்குங்க" என்றாள்.

பிறகு எதிர்க்கட்சி நாற்காலியை அலுவலருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கட்டம் காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதானே? நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. பிள்ளைகள் பிறருக்கு நன்மை செய்தார்கள். என்னவென்று தாய்க்குத் தெரியாது. தாய் கேட்கவும் மாட்டாள்."

அலுவலர் தட்டினார். "அஞ்சு வேணுமே மேடம்."

"அதையே அஞ்சு தரம் எழுதுங்க."

அந்த அம்மா அவளையே பார்த்தார். பிறகு அதையே ஐந்து தரம் எழுதினார். கட்டம் நிரம்பி அடுத்த பக்கம் திறந்தது. அதில் முடிவு எழுத வேண்டிய இடத்தில் வெகுநேரம் விரலை வைத்திருந்தார்.

"ஒரு வருஷம் தர முடியாது. புகார் இருக்கு. மூணு மாசம் தர்றேன். மூணு மாசம் கழிச்சு மறுபடி வருவேன், நடுவுல சொல்லாமலும் வருவேன். அப்பவும் இதே பதில்னா, மேலதிகாரிகிட்டப் போகும். அதுக்கு மேல என் கையில இல்லை."

"வாங்க. எப்ப வேணும்னாலும் வாங்க. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்காது. பதில் மட்டும் மாறாது" என்றாள் எதிர்க்கட்சி.

அலுவலர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, "கீழ்க் கதவுக்கு எண்ணெய் போட்டது நல்லா இருக்கு. போன வருஷம் காது கூசிச்சு" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு இறங்கினார்.

கதவு சாத்தியதும் எதிர்க்கட்சி மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். மூன்று மாசம். ஐந்து வருஷமாக வருஷக்கணக்கில் வாங்கியவளுக்கு இப்போது மாசக்கணக்கு. செயலாளர் ஜெயித்துவிட்டதாக மீசையை முறுக்குவார். பட்டியலக்கா நாளை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என்ன சொல்வாரோ. அவளுக்கு அழுகை வந்தது, கொஞ்சம் அழவும் செய்தாள். மூக்கைச் சிந்திவிட்டு மெஷினில் நூல் பாபினை மாற்றினாள்.

பெரியவள் பக்கத்தில் வந்து நின்றாள். தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து, அம்மா காதோடு வாயை வைத்தாள்.

"அம்மா, உனக்கு மட்டும் சொல்லட்டுமா? எல்லாத்தையும். அந்த அம்மா போயிட்டாங்கல்ல."

எட்டு வாரமாக நாக்கு நுனியில் நின்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் காதருகே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சிக்குக் கேட்க ஆசையாக இருந்தது. பசித்தவளுக்குச் சோறு போல இருந்தது. அவள் சட்டென்று மகளின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

"மூச்சு விடாதே. மூணு மாசம் கழிச்சு அவங்க வந்து கேப்பாங்க. தெரியாதுன்னு நான் உண்மையா சொல்லணும். இப்ப நீ சொல்லிட்டா, அன்னைக்கு நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும்."

பெரியவள் பொத்திய கைக்குள்ளேயே சிரித்தாள். உள்ளங்கை ஈரமாயிற்று. எதிர்க்கட்சி கையை எடுத்து, பாவாடையில் துடைத்து, கதவைக் காட்டினாள்.

"போங்க. ரெண்டு பேரும் போய் உங்க வேலையைப் பாருங்க."

அவர்கள் கதவைத் திறந்துகொண்டு ஓடினார்கள். படியில் அவர்கள் மேலே போகிறார்களா கீழே போகிறார்களா என்பது காதில் விழுந்துவிடாதபடி, அவள் ஊசிக்கடியில் துணியை வைத்து, மெஷினை முழு வேகத்தில் ஓடவிட்டாள்.